ஃபங்ஷனல் கனெக்டிவிட்டி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மூளை ஸ்கேன் தரவை வைத்துக் கணக்குப் போடுவது என் வேலை. உளவியல் படிப்பவர்கள், பொறியியல் மாணவர்கள், மருத்துவர்கள், சில நேரம் ஸ்கேனுக்கு வந்தவர்களின் வீட்டார் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். கணக்கு வேண்டாம் என்பவர்கள் 6, 7, 8-ஐத் தாண்டிப் போகலாம். ஆனால் 10-க்கு வந்ததும் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும்.

1. ஃபங்ஷனல் கனெக்டிவிட்டின்னா என்ன? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

முடியும். மூளையில் வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு பகுதிகளின் செயல்பாடு எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்லும் எண். செயல்சார் இணைப்பு என்றும் எழுதுவார்கள். அந்த எண் பெரும்பாலும் பள்ளியில் படித்த ஒட்டுறவுக் கெழுதான் (கோரிலேஷன்): 1 என்றால் முழுக்கச் சேர்ந்தே ஆடுகின்றன, 0 என்றால் உறவில்லை.

மூளைப் படமெடுப்பில் இன்று எல்லோரும் எடுத்தாளும் வரையறை நரம்பியல் ஆய்வாளர் கார்ல் ஃபிரிஸ்டன் 1993-இல் தந்தது: இடத்தால் விலகியிருக்கும் நரம்பியல் நிகழ்வுகளுக்கு இடையே காலத்தில் காணப்படும் ஒட்டுறவு. எண்ணம் மட்டும் அதைவிடப் பழையது. 1960-களிலேயே தனித்தனி நியூரான்களின் பக்கத்தில் மின்முனையை வைத்து, இரண்டும் சேர்ந்து துடிக்கின்றனவா என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

2. அப்போ அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு நரம்பு ஓடுகிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ராத்திரி உங்கள் வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே நொடியில் விளக்கு அணைந்து, ஒரே நொடியில் திரும்ப எரிகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒயர் கிடையாது. தெருமுனையில் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். விளக்குகளை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு வீட்டுக்கும் ஒட்டுறவு 1 என்றுதான் வரும். மூளையிலும் இதே கதை: மூன்றாவது பகுதி ஒன்று இரண்டையும் ஆட்டலாம், நடுவில் நாலைந்து பகுதிகள் கைமாற்றிவிடலாம், நேரடி நரம்பிழையும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

உண்மையில் இழை ஓடுகிறதா என்று பார்ப்பதற்குக் கட்டமைப்பு இணைப்பு என்று பெயர். இறந்தவர் மூளையை வெட்டியும், உயிரோடு இருப்பவருக்கு, நீர் நகரும் திசையை வைத்து இழைகளைக் கணிக்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுத்தும் அதைத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது. இரு அரைக்கோளங்களையும் சேர்க்கும் தடித்த இழைக்கற்றைக்கு கார்ப்பஸ் கலோசம் என்று பெயர். கட்டுக்கடங்காத வலிப்புக்காக அதை முழுவதும் வெட்டிய 6 வயதுக் குழந்தை ஒன்றுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். அரைக்கோளங்களுக்கு இடையே இருந்த ஒட்டுறவு பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. அந்த ஆய்வு 2008-இல் வந்தது. சரி, இழைதான் காரணம் என்று முடிவு கட்டலாமா? 2011-இல் இன்னோர் ஆய்வு: பிறவியிலேயே கார்ப்பஸ் கலோசம் இல்லாத பெரியவர்களுக்கு எடுத்துப் பார்த்தால் இடமும் வலமும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே சேர்ந்து ஆடுகின்றன. வளரும்போதே அந்த மூளைகள் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டன என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

3. ஐஐடி மெட்ராஸ் 'தரணி'ன்னு மூளை வரைபடம் வெளியிட்டாங்களே, அதுவும் இதுதானா?

அது வேறு. 2024 டிசம்பரில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் வெளியிட்ட 'தரணி', கருவில் இருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிப் படமெடுத்த முப்பரிமாண வரைபடம்; மொத்தம் 5,132 சீவல்கள். எந்தச் செல் எங்கே இருக்கிறது என்று காட்டுவது அது. ஃபங்ஷனல் கனெக்டிவிட்டிக்கு உயிரோடு இயங்கும் மூளையும் நேரமும் வேண்டும். அசையாத படத்தில் ஒட்டுறவு பார்க்க ஒன்றுமில்லை.

4. ஸ்கேனர் மூளையின் மின்சாரத்தை அளக்கிறதா?

இல்லை. இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படும் ஸ்கேன் எஃப்எம்ஆர்ஐ (செயல்சார் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு). அது அளப்பது ரத்தத்தை. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஓர் இடத்தில் நரம்புச் செல்கள் வேலை செய்தால், செலவாவதைவிட அதிகமான புது ரத்தம் அங்கே பாய்கிறது. சமிக்ஞை சற்று உயர்கிறது. இதை போல்டு சமிக்ஞை என்கிறோம். பெல் ஆய்வகத்தில் இருந்த செய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளில் இதைக் காட்டினார்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. செல் துடித்து 5, 6 நொடி கழித்துத்தான் ரத்தத்தின் ஏற்றம் உச்சிக்கு வருகிறது. அப்புறம், ரத்தத்தை ஆட்டுவதற்கு மூச்சும் இதயத்துடிப்பும்கூடப் போதும். இந்த இரண்டும் 9, 11, 14-இல் திரும்ப வரும்.

5. சும்மா படுத்திருக்கும் ஆளிடம் என்ன அளக்க இருக்கிறது?

1990-களின் நடுவில் பெரும்பாலானவர்கள் இதையேதான் நினைத்தார்கள். வேலை கொடு, அப்போது எது ஒளிர்கிறது என்று பார். நடுவில் வரும் ஏற்ற இறக்கம் எல்லாம் இரைச்சல். அமெரிக்காவில் மில்வாக்கியில் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்த பரத் பிஸ்வால் அந்த இரைச்சலையே எடுத்து வைத்துப் பார்த்தார். முதலில் விரலைத் தட்டச் சொல்லி, கையை இயக்கும் பகுதி எது என்று குறித்துக்கொண்டார். பிறகு ஒன்றும் செய்யாமல் படுக்கச் சொன்னார். இடது பக்க இயக்கப் பகுதியின் மெதுவான அலைவு, அதாவது 0.1 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருப்பது, வலது பக்க இயக்கப் பகுதியின் அலைவோடு ஒத்துப்போனது. விரல் அசையவே இல்லை. அந்தக் கட்டுரை 1995-இல் வந்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரைதான் படிப்பேன் என்பவரிடம் நான் அதைத்தான் நீட்டுவேன்.

2001-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மார்கஸ் ரெய்க்கிள் குழு, வேலை கொடுத்தால் அடங்கி, வேலை இல்லாதபோது உயரும் பகுதிகளைப் பற்றி 'டீஃபால்ட் மோட்' என்று எழுதியது. 2003-இல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் கிரேசியஸ் குழு, அந்தப் பகுதிகள் ஓய்வின்போது தமக்குள் ஒட்டுறவோடு ஆடுகின்றன என்று காட்டியது. உடல் எடையில் 2% இருக்கும் மூளை, உடலின் ஆற்றலில் 20% அளவுக்குச் செலவழிக்கிறது. ஒரு கணக்கைப் போடச் சொன்னால் அந்தச் செலவு கொஞ்சம்தான் கூடுகிறது. சும்மா இருக்கும்போது எவ்வளவு நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

6. அந்த ஒட்டுறவுக் கெழுவைக் கையால் போட்டுக் காட்டுங்களேன்.

ஐந்து நேரப்புள்ளிகள் போதும். 'அ' என்ற பகுதியின் அளவுகள் 2, 4, 3, 5, 6. 'ஆ'வின் அளவுகள் 10, 13, 11, 13, 13. சராசரிகள் 4, 12. சராசரியைக் கழித்தால் அ-வுக்கு −2, 0, −1, 1, 2. ஆ-வுக்கு −2, 1, −1, 1, 1. நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டினால் 4 + 0 + 1 + 1 + 2 = 8. இனி விலக்கங்களின் வர்க்கக் கூடுதல்: அ-வுக்கு 10, ஆ-வுக்கு 8. எட்டை √80-ஆல் வகுத்தால் 0.89.

ஆ-வின் அளவுகள் அ-வைவிட எவ்வளவோ பெரியவை என்பது விடையை ஒன்றும் செய்யவில்லை, கவனித்தீர்களா? சராசரியைக் கழித்ததில் உயரம் போய்விட்டது. வகுத்ததில் வீச்சு போய்விட்டது. மிஞ்சுவது வடிவம் மட்டும். அதனால் "கனெக்டிவிட்டி கூடியிருக்கிறது" என்றால் அந்தப் பகுதி அதிகமாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மங்கலாக இருக்கும் பகுதிகூட இன்னொன்றோடு அச்சு அசலாகச் சேர்ந்து ஆடலாம்.

7. கணிதத்தில் இது என்ன பொருள்? ஏதோ கோணம் என்று சொல்கிறார்களே?

சராசரி கழித்த ஒவ்வொரு சமிக்ஞையும் ஒரு வெக்டர். 200 நேரப்புள்ளி எடுத்தால் 200 பரிமாண வெளியில் ஓர் அம்பு. இரண்டு அம்புகளுக்கு இடையிலான கோணத்தின் கொசைன்தான் ஒட்டுறவு. ஒரே திசை என்றால் 1, செங்குத்து என்றால் 0, நேர் எதிர் என்றால் −1. மேலே போட்ட கணக்கில் எட்டு என்பது புள்ளிப் பெருக்கல். √80 என்பது நீளங்களின் பெருக்கல்.

மூளையை 100 பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண், மொத்தம் 100 × 99 ÷ 2 = 4,950. இவற்றை 100 × 100 சமச்சீர் அணியாக அடுக்கினால் அதுதான் கட்டுரைகளில் வரும் அந்தச் சிவப்பு-நீலக் கட்டப் படம். மூலைவிட்டம் முழுக்க 1. அந்தக் கட்டங்களில் இஷ்டத்துக்கு எண்களை எழுத முடியாது. அம்புகள் உண்மையில் ஒரு வெளியில் பொருந்த வேண்டும். அ–ஆ 0.8, ஆ–இ 0.8 என்றால் அ–இ குறைந்தது 0.28 ஆவது இருந்தே தீரும். இரண்டும் 0.6 என்றால் அந்தக் கட்டாயம் இல்லை, −0.28 வரைகூடப் போகலாம்.

ஒட்டுறவு மட்டும்தான் வழி என்றும் இல்லை. அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் கோஹரன்ஸ், நேர்கோட்டில் அடங்காத உறவையும் பிடிக்கும் பரஸ்பரத் தகவல் என்று பல அளவைகள் உண்டு. எல்லாமே, இரண்டு சமிக்ஞைகளும் புள்ளியியல்படி ஒன்றையொன்று சாராதவை என்ற நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளப்பவைதான். என்னைக் கேட்டால், எஃப்எம்ஆர்ஐ-யில் புதுசாக வருபவர்கள் முதலில் சாதாரண ஒட்டுறவையே போட்டுப் பார்ப்பது நல்லது. தவறினால் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியும்.

8. அ-வும் ஆ-வும் இணைப்பு, ஆ-வும் இ-யும் இணைப்பு. அ–இ இணைப்பு சும்மா இவற்றின் நிழலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குப் பகுதி ஒட்டுறவு (பார்ஷியல் கோரிலேஷன்) என்று ஒரு முறை உண்டு; இங்கே 'பகுதி' மூளைப் பகுதியைக் குறிப்பதல்ல. ஆ-வைக் கொண்டு விளக்கக்கூடியதை அ, இ இரண்டிலிருந்தும் கழித்துவிட்டு, மிச்சத்துக்குள் ஒட்டுறவு பார்ப்பது. அ–ஆ 0.7, ஆ–இ 0.7, அ–இ 0.49 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.49-லிருந்து 0.7 × 0.7-ஐக் கழித்தால் பூஜ்யம். அ–இ உறவு முழுக்க ஆ வழியாக வந்ததுதான். டிரான்ஸ்ஃபார்மரையும் அளந்து கணக்கில் சேர்த்ததும் இரண்டு வீட்டுக்கும் உள்ள உறவு மறைவது இப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மரை அளக்காமல் விட்டுவிட்டால் இந்த முறையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நூறு பகுதிகளுக்கு இதை ஒரேயடியாகச் செய்ய, உடன்மாறுபாட்டு அணியின் (வீச்சால் வகுக்காமல் விட்ட ஒட்டுறவுகளின் அணி) நேர்மாறு அணியை எடுத்தால் போதும். அதில் ஒரு கட்டம் பூஜ்யம் என்றால் அந்த ஜோடிக்கு நேரடி உறவு கணக்கில் இல்லை. ஆனால் 360 பகுதி, 200 நேரப்புள்ளி என்றால் நேர்மாறே கிடையாது. நேரப்புள்ளிகள் பகுதிகளைவிட அதிகம் இருக்க வேண்டும். அப்படி இல்லாதபோது வரைபட லாசோ மாதிரி, பெரும்பாலான கட்டங்களைப் பூஜ்யத்தை நோக்கி அழுத்தும் முறைகளை நாட வேண்டும்.

9. எஃபெக்டிவ் கனெக்டிவிட்டி என்பது இதற்கே இன்னொரு பெயரா?

இல்லை. ஒரு பகுதி இன்னொன்றின் மேல் செலுத்தும் செல்வாக்கு எஃபெக்டிவ் கனெக்டிவிட்டி. அதற்குத் திசை உண்டு. அ → ஆ வேறு, ஆ → அ வேறு. 6-இல் போட்ட கணக்கில் அ, ஆ இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், விடை மாறாது. திசை இல்லாத எண்ணிலிருந்து "அ-தான் ஆ-வை இயக்குகிறது" என்று எழுதுபவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

திசைக்குத் தனி மாதிரி வேண்டும். ஃபிரிஸ்டனும் கூட்டாளிகளும் 2003-இல் தந்த டைனமிக் காசல் மாடலிங் ஒன்று. பொருளாதாரத்தில் கிளைவ் கிரேஞ்சர் 1969-இல் கொண்டுவந்த காரணச் சோதனை இன்னொன்று: அ-வின் கடந்தகாலம் ஆ-வின் நாளையை முன்கூட்டிச் சொல்ல உதவுகிறதா என்று அது பார்க்கிறது. எஃப்எம்ஆர்ஐ-யில் இந்தச் சோதனையை நான் எளிதில் நம்ப மாட்டேன். 4-இல் சொன்ன ரத்தத் தாமதம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. ஆ-வின் ரத்தம் அ-வின் ரத்தத்தைவிட ஒரு நொடி வேகமானது என்றால், பின்னால் துடித்த ஆ முன்னால் துடித்த மாதிரி தெரியும்.

10. எத்தனை வந்தால் 'இணைப்பு இருக்கு'ன்னு சொல்லலாம்? 0.3 போதுமா?

எல்லோரும் ஒப்புக்கொண்ட வெட்டுப்புள்ளி எதுவும் இல்லை. 0.3 என்பது பழக்கம், சட்டமல்ல. பாடப்புத்தக அட்டவணையில் 200 புள்ளிகளுக்கு 0.14 தாண்டினாலே 5% நிலையில் முக்கியத்துவம் உடையது, அதாவது உறவே இல்லாதபோது தற்செயலாக நூற்றில் ஐந்து தடவைக்கு மேல் வராதது, என்று வரும். அந்த அட்டவணை, 200 புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டு போட்டது. நம் சமிக்ஞையோ மெதுவாக ஊர்வது. இந்த நொடியின் மதிப்பு முந்தைய நொடியின் மதிப்பை ஒட்டியே வரும். அடுத்தடுத்த புள்ளிகளுக்குள் 0.8 ஒட்டுறவு இருக்கிற எளிய மாதிரியை எடுத்துக்கொண்டால், 200 புள்ளிகள் கணக்கில் 44 புள்ளிகளாகத்தான் நிற்கும். தாண்ட வேண்டிய கோடு 0.14-லிருந்து 0.30-க்கு ஏறிவிடும்.

மெதுவாக ஊரும் இரண்டு வரிசைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பொருந்திப்போகும் என்று புள்ளியியலாளர் யூல் 1926-இலேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தில் 1866 முதல் 1911 வரை திருச்சபைத் திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு வீதத்துக்கும் 0.95 ஒட்டுறவு! ரத்தச் சமிக்ஞைக்காரர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேலைக்கு வர வேண்டும்.

இதற்கு மேல் பன்முகச் சோதனைப் பிரச்சினை, அதாவது ஒரே நேரத்தில் பல சோதனைகள் செய்வதால் வருவது. 4,950 ஜோடிகளையும் 5% நிலையில் சோதித்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 250 ஜோடிகள் 'கிடைத்துவிடும்'. பல பேரின் எண்களைச் சராசரி எடுக்கும் முன் ஃபிஷரின் z மாற்றத்தைப் போடுங்கள். 1-க்கு அருகே நெருக்கியடித்து நிற்கும் மதிப்புகளை அது விரித்துவிடும்.

11. மைனஸில் வருகிறதே, அந்தப் பகுதிகள் ஒன்றையொன்று அடக்குகின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். 2005-இல் செயின்ட் லூயிஸ் குழு, டீஃபால்ட் மோட் பகுதிகளும் கவனத்துக்கான பகுதிகளும் எதிரெதிராக ஆடுகின்றன என்று காட்டியதும் பெரிய பரபரப்பு. நான்கு ஆண்டு கழித்து வந்த மறுப்பு கணிதத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் பலரும், மூச்சு போன்றவை ஒட்டுமொத்த மூளையையும் ஆட்டுவதை நீக்க, மூளை முழுவதன் சராசரிச் சமிக்ஞையைக் கழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

அதில் என்ன நடக்கிறது என்று இரண்டே பகுதிகளை வைத்துப் பாருங்கள். சராசரி (அ + ஆ) ÷ 2. கழித்தபின் முதல் பகுதியில் மிஞ்சுவது (அ − ஆ) ÷ 2. இரண்டாவதில் மிஞ்சுவது (ஆ − அ) ÷ 2. ஒன்று மற்றதன் எதிர்மறை. ஒட்டுறவு −1. அ-வும் ஆ-வும் எப்படி இருந்தாலும் சரி, இதே விடைதான்! பகுதிகள் கூடினால் இவ்வளவு அப்பட்டமாக இருக்காது; ஆனால் மிச்சங்களின் கூடுதல் பூஜ்யம் என்பதால், ஒவ்வொரு பகுதிக்கும் மற்ற எல்லாவற்றோடும் உள்ள உடன்மாறுபாடுகளைக் கூட்டினால் எதிர்மறைதான் வரும். எங்கேயாவது மைனஸ் வந்தே தீரும்.

கழிக்காமல் விட்டால் 12-இல் வரும் தொல்லை மிஞ்சுகிறது. இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, இரண்டிலும் நிற்பதை மட்டும் நம்புவது என் வழக்கம்.

12. ஸ்கேனில் அசையக் கூடாதுன்னு இவ்வளவு கெடுபிடி எதற்கு? கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். தலை அசைந்தால் எல்லாப் பகுதிகளின் சமிக்ஞையும் ஒரே கணத்தில் துள்ளும். 2012-இல் வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே கண்டது இது: சின்ன அசைவுகள்கூட, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் ஒட்டுறவைக் கூட்டி, தூரத்துப் பகுதிகளின் ஒட்டுறவைக் குறைக்கின்றன.

இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம் என்னவென்றால், அதே காலத்தில் "குழந்தைகளுக்கு அருகிணைப்பு அதிகம், வளர வளரத் தூர இணைப்பு பலப்படும்" என்பது இந்தத் துறையின் பெயர்பெற்ற முடிவுகளில் ஒன்று. குழந்தைகள்தான் ஸ்கேனரில் அதிகம் நெளிபவர்கள். அந்த முடிவில் ஒரு பங்கு நெளிந்ததால் வந்தது என்று தெரியவந்தது. அந்தக் குழுக்களில் ஒன்று, முன்பு அதை எழுதியவர்களையே உள்ளடக்கியது. முதியவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் என்று எந்தக் குழுவை ஒப்பிட்டாலும் முதலில் கேட்க வேண்டியது: இரண்டு குழுவும் ஒரே அளவு அசைந்தார்களா?

13. செத்த மீனுக்கு மூளை வேலை செய்ததாகக் காட்டினார்களே, அதோடு இதெல்லாம் பொய்யாகிவிடவில்லையா?

கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் கடையில் வாங்கிய அட்லாண்டிக் சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் 'காட்டி', அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று 'கேட்டார்கள்'. பன்முகச் சோதனைக்கான திருத்தம் போடாமல் கணக்கிட்டால் மீனின் மூளையில் சில புள்ளிகள் ஒளிர்ந்தன. 2009-இல் ஒரு மாநாட்டுச் சுவரொட்டியாக வந்தது. 2012-இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு. அது செயல்பாட்டு வரைபடம் பற்றியது, கனெக்டிவிட்டி பற்றியது அல்ல. பாடம் மட்டும் 10-இல் சொன்ன 250 ஜோடிக் கதைதான். திருத்தம் போட்டால் மீன் அடங்கிவிடுகிறது.

14. ஈஈஜி-யில் செய்தால் ரத்தத் தாமதம் இல்லையே, அது மேலானதா?

ஈஈஜி என்பது தலைமேல் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்வது. நேரத் துல்லியத்தில் மேலானது. மில்லிநொடிக் கணக்கில் பார்க்கலாம். இடத்தில் மோசம். மூளையில் ஓர் இடத்தில் எழும் மின்புலம் மண்டையோட்டைத் தாண்டும்போது பரவிவிடுகிறது. ஒரே மூலத்தைப் பத்து மின்முனைகள் பதிவு செய்யும். பத்துக்கும் ஒட்டுறவு பிரமாதமாக வரும். அது இணைப்பு அல்ல, ஒரே சமிக்ஞையைப் பத்துத் தடவை பதிவு செய்தது.

இதற்கு ஓர் அழகான கணிதத் தப்பிப்பு உண்டு. பரவல் கண நேரத்தில் நடப்பது, தாமதம் இல்லை. தாமதம் இல்லாத உறவு கலப்பெண் கோஹரன்ஸியின் மெய்ப்பகுதியில் மட்டும் விழும். ஆகவே கற்பனைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் பரவலால் வந்த போலி உறவு ஒதுங்கிவிடும். 2004-இல் கைடோ நோல்டேவும் கூட்டாளிகளும் இதை முன்வைத்தார்கள். உண்மையிலேயே தாமதமின்றிச் சேர்ந்து ஆடும் பகுதிகளும் அதோடு தொலைந்துவிடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

15. மூளையை எத்தனை துண்டாகப் பிரிப்பது? எத்தனை நிமிடம் எடுப்பது?

துண்டுகளுக்கு ஒரே விடை இல்லை. பழைய ஏஏஎல் வரைபடத்தில் சிறுமூளையைச் சேர்த்து 116. 2016-இல் வந்த கிளாசர் வரைபடத்தில் பெருமூளைப் புறணிக்கு மட்டும் பக்கத்துக்கு 180. துண்டின் எல்லை தப்பான இடத்தில் விழுந்தால் இரண்டு வேறுவேறு சமிக்ஞைகளைச் சராசரி எடுத்து, எங்கும் இல்லாத மூன்றாவதை உண்டாக்கிவிடுவீர்கள்.

நிமிடம் கூடக் கூட நல்லது. ஆறேழு நிமிடம் வழக்கமாக இருந்தது. அது குழுச் சராசரிக்குச் சரி, தனியாளைப் பற்றிப் பேசப் போதாது. மூளை இணைப்புகளை வரைபடமாக்கும் ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ஓய்வு ஸ்கேன், 0.72 நொடிக்கு ஒரு படம். செயின்ட் லூயிஸில் ஒரு குழு, ஸ்கேனர் வாடகை குறைவான நள்ளிரவில் பத்துப் பேருக்கு ஆளுக்கு 5 மணி நேர ஓய்வுத் தரவு எடுத்தது; அதற்கு மிட்நைட் ஸ்கேன் கிளப் என்றே பெயர். அவ்வளவு தரவு சேர்ந்ததும் ஒவ்வொருவர் மூளையும் சராசரிப் படத்திலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

16. இணைப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்கிறார்களே?

மாறலாம். சின்னச் சின்ன ஜன்னல்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒட்டுறவு பார்ப்பது வழக்கமான முறை. ஜன்னல் குறுகினால் எண் தானாகவே தாறுமாறாக ஆடும். 0.01 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே 100 நொடி ஆகிறது. 30 நொடி ஜன்னலில் அதைப் பிடித்து ஒட்டுறவு பார்த்தால் ஏறுமுகமோ இறங்குமுகமோ மட்டும்தான் தெரியும். உண்மையில் மாறாத செயற்கைத் தரவை உருவாக்கி, அதிலும் இதே 'மாற்றம்' வருகிறதா என்று பார்க்காத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

17. நெட்வொர்க் தியரியில் சொல்லும் 'ஸ்மால் வேர்ல்டு' மூளையிலும் இருக்கிறதாமே?

அக்கம்பக்கத்துப் புள்ளிகள் கொத்தாகச் சேர்ந்திருந்தாலும், எந்தப் புள்ளியிலிருந்தும் சில தாவல்களில் எங்கும் போய்விடலாம் என்ற வலைப்பின்னல்தான் 'ஸ்மால் வேர்ல்டு'. வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் 1998-இல் 'ஸ்மால் வேர்ல்டு' பற்றி எழுதியபோது, எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகக் காட்டியது சி. எலிகன்ஸ் புழுவின் நரம்பு மண்டலத்தை. அதில் கோடு என்றால் நுண்ணோக்கியில் பார்த்த உண்மையான இணைப்பு. நம் வரைபடத்தில் கோடு என்பது ஒட்டுறவு. இரண்டும் ஒன்றல்ல.

இங்கேதான் 7-இல் சொன்ன கட்டாயம் கடிக்கிறது. அ–ஆ, ஆ–இ உறவுகள் பலமாக இருந்தால் அ–இ தானாகவே வந்துவிடுவதால் முக்கோணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கொத்துத்தன்மை (முக்கோணங்களின் மிகுதி) அதிகம் என்ற முடிவில் ஒரு பங்கு மூளையால் வந்ததல்ல, ஒட்டுறவு என்ற அளவையால் வந்தது. சீரற்ற வலைப்பின்னலோடு ஒப்பிடும்போது அந்தச் சீரற்றதையும் ஒட்டுறவிலிருந்தே உருவாக்க வேண்டும்.

18. மயக்க மருந்து கொடுத்த பிறகும் இது இருக்கிறதாமே? அப்போ இது சிந்தனை இல்லையா?

மயக்கத்தில் இருந்த குரங்குகளிலும் இந்த வலைப்பின்னல்கள் தெரிகின்றன, 2007-இல் வெளிவந்தது. மயக்கத்திலும் தூக்கத்திலும் பலமும் அமைப்பும் மாறுகின்றன, முழுக்க அழிந்துவிடுவதில்லை. ஆகவே டீஃபால்ட் மோட் என்றால் பகற்கனவு என்று சமன்பாடு போடுவது சரியில்லை. ஸ்கேனருக்குள் ஆள் தூங்கிவிட்டாரா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். பத்து நிமிட இருட்டில் பலர் தூங்கிவிடுகிறார்கள்.

19. என் பையனுக்கு எடுத்த ஸ்கேனில் கனெக்டிவிட்டி குறைவு என்று எழுதியிருக்கிறது. இதை வைத்து நோயைச் சொல்ல முடியுமா?

அந்த ஒரு வரியை வைத்து முடியாது. ஒருவருடைய ஒட்டுறவு அணி அவருக்கே உரியதுதான். 2015-இல் யேல் குழு 126 பேரின் தரவில், ஒருவரின் முதல் நாள் அணியை வைத்து மறுநாள் தரவில் அவரை 90 சதவீதத்துக்கும் மேல் சரியாகக் கண்டுபிடித்தது. ஆனால் ஆளை அடையாளம் காண்பது வேறு, அவர் குணத்தையோ நோயையோ சொல்வது வேறு. சுமார் 50,000 பேரின் தரவை வைத்து 2022-இல் வந்த ஆய்வு, மூளைப் படத்துக்கும் அறிவுத்திறன், மனநலம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்புகள் மிகச் சிறியவை, நம்பும்படி பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று காட்டியது. அதுவரை வந்த ஆய்வுகளில் நடுத்தர அளவு 25 பேர்.

மருத்துவத்தில் இது பயன்படும் இடங்கள் உண்டு. மூளைக் கட்டியை எடுக்கும் முன், விரலைத் தட்டவோ பேசவோ முடியாத நோயாளிக்கு இயக்கப் பகுதியும் மொழிப் பகுதியும் எங்கே என்று ஓய்வு ஸ்கேனிலேயே தேடுகிறார்கள். பிஸ்வால் பார்த்த அதே விஷயம். தீராத மனச்சோர்வுக்கு ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய காந்தத் தூண்டல் முறைக்கு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-இல் அனுமதி தந்தது. அதில் காந்தச் சுருளை நெற்றியோரம் எந்தப் புள்ளியில் வைப்பது என்று, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதியோடு எதிர்மறை ஒட்டுறவு அதிகம் காட்டும் இடத்தைத் தேடி முடிவு செய்கிறார்கள். 11-ஐப் படித்தவர்கள் புருவம் உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. அங்கே அந்த எண்ணை இடம் தேடத்தான் பயன்படுத்துகிறார்கள், நோய் இருக்கிறதா என்று சொல்ல அல்ல.

உங்கள் பையன் விஷயத்தில் ரிப்போர்ட் கொடுத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நிமிடம் எடுத்தீர்கள், எவ்வளவு அசைந்தான், 'குறைவு' என்பது யாரோடு ஒப்பிட்டு? அப்புறம் அந்தத் தாளைப் பையனை நேரில் பார்த்துவரும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.